ரசீதின் முதுகில் இரண்டு முத்திரைகள்

அன்புள்ள ஐயா,

வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் இருந்த தகரப்பெட்டியில் ஒரு பாங்கு ரசீது கிடைத்தது. கொள்ளுத்தாத்தா 1911 அக்டோபரில் 500 ரூபாய் டெபாசிட் போட்டிருக்கிறார். வட்டி ‘நூற்றுக்கு மாதம் 10 அணா’. பின்பக்கம் மையில் இரண்டு வரிகள், 1912, 1913 என்ற தேதிகளோடு. அவற்றுக்குக் கீழே இரண்டு முத்திரைகள்: ‘ரூ. 1க்கு 2 அணா – 1915’, ‘ரூ. 1க்கு 1 அணா 6 பை – 1919’. “எம்டன் குண்டு போட்டப்போ பாங்கு முழுகிப்போச்சு” என்று பாட்டி சொல்வார். மேனேஜர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ரங்கூனுக்கு ஓடிவிட்டார் என்பது சித்தப்பாவின் கட்சி. எது சரி? முத்திரைகளுக்கு என்ன அர்த்தம்? சென்னையில் ஆர்பத்நாட் வங்கி உடைந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இந்தக் காகிதத்துக்கு இன்று ஏதும் மதிப்பு இருக்கிறதா?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

முத்திரைகளிலிருந்தே தொடங்கலாம். அவை லிக்விடேட்டர் போட்டவை. வங்கியைக் கலைக்க உத்தரவானதும் அவர் பாக்கிகளை வசூல் செய்து, கையில் ஓரளவு சேர்ந்தபோதெல்லாம் டெபாசிட்தாரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். ஒரே ரசீதைக் காட்டி இரண்டு முறை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தவணைக்கும் பின்பக்கத்தில் முத்திரை. அசலுக்கு மட்டும் கணக்குப் போட்டால் (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை), 1915இல் 62 ரூபாய் 8 அணா, 1919இல் 46 ரூபாய் 14 அணா. ஆக 109 ரூபாய் 6 அணா. ரூபாய்க்கு மூன்றரை அணா தேறியிருக்கிறது, அதுவும் ஐந்து வருஷத்தில்.

இந்த மூன்றரை அணாவே சித்தப்பாவின் கட்சியைச் சந்தேகிக்க வைக்கிறது. ரொக்கத்தோடு ஒருவர் ஓடினால் பெட்டியில் இருந்ததுதான் போகும். சிறிய ஊர் வங்கியின் பெட்டியில் என்றைக்கும் பெரிய தொகை இருந்ததில்லை, பணம் முழுக்க வெளியே கடனில் நிற்கும். கடன்கள் நல்ல கடன்களாக இருந்திருந்தால், மேனேஜர் ஓடிய பிறகும் ரூபாய்க்குப் பன்னிரண்டு அணாவாவது திரும்பியிருக்கும். திரும்பவில்லை என்றால் ஓட்டை பெட்டியில் இல்லை, பீரோவில் இருந்த புரோநோட்டுக் கட்டுக்குள், அதாவது கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த உறுதிச் சீட்டுகளுக்குள்.

ஒரு நோட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கணக்குக்காக நான் வைக்கும் உதாரணம் இது. 1908இல் ஒரு மிராசுதார் 1,000 ரூபாய் வாங்குகிறார், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பெண் கல்யாணத்துக்கோ கோர்ட்டுச் செலவுக்கோ இருக்கலாம். புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று வருஷம். அதற்குள் பணம் வர வேண்டும், அல்லது ஒரு பகுதியைக் கட்டி நோட்டின் முதுகில் வரவு எழுதிக் கையெழுத்திட வேண்டும், அல்லது வழக்குப் போட வேண்டும். மூன்றும் இல்லையென்றால் காகிதம் செத்துவிடும். வழக்குப் போட வங்கிக்கு மனமில்லை, மிராசுதார் டைரக்டருக்குச் சம்பந்தி முறை. பல வங்கிகளில் அவரே டைரக்டர். ஆகவே 1911இல் வட்டி 360ஐயும் அசலோடு சேர்த்து 1,360க்குப் புது நோட்டு. 1914இல் அதற்கு வட்டி 489 ரூபாய் 9 அணா சேர்ந்து சுமார் 1,850க்கு இன்னொரு நோட்டு.

ஒரு காசு வரவில்லை. ஆனால் பேரேட்டில் 1,000 ரூபாய் 1,850 ஆகிவிட்டது. ஏறிய 850 லாபமாகக் காட்டப்படும். அந்த லாபத்தைப் பார்த்துப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு அறிவிப்பார்கள். டிவிடெண்டைப் புரோநோட்டாகக் கொடுக்க முடியாது, ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த ரொக்கம் உங்கள் கொள்ளுத்தாத்தா போன்றவர்கள் கொண்டுவந்து போட்டது. நல்ல டிவிடெண்டு தருகிறார்களே என்று இன்னும் நாலு பேர் டெபாசிட் போடுவார்கள். இதில் திருட்டு என்று சுட்டிக்காட்ட ஓர் இடம்கூட இருக்காது. ஒவ்வொரு கையெழுத்தும் உண்மையான கையெழுத்து. டெல்டாவின் சின்ன வங்கிகளைத் தின்றது பெரும்பாலும் இந்தப் புதுப்பித்தல்தான் என்பது என் எண்ணம்.

‘நிலத்தை ஈடு வாங்கியிருப்பார்களே’ என்று கேட்பீர்கள். அங்கேதான் உள்ளூர் வங்கிக்கு ஒரு சட்டச் சிக்கல். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்ற வசதி அன்று சென்னை, பம்பாய், கல்கத்தா மாதிரிச் சில நகரங்களுக்கு மட்டும்தான். மன்னார்குடியில் பத்திரத்தைக் கொடுத்து வைத்தால் அது வெறும் காகிதம் காப்பது. முறையான அடமானம் வேண்டுமென்றால் ஸ்டாம்புக் காகிதம், சாட்சிகள், சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ். அங்கே போய் நின்றால் பெரிய குடும்பம் கடன்பட்ட சேதி சாயங்காலத்துக்குள் அக்கிரகாரம் முழுக்கத் தெரிந்துவிடும். எனவே பத்திரம் இரும்புப் பெட்டியில், கடன் புரோநோட்டில். பத்திரம் பெட்டியில் இருக்கும் தைரியத்தில் மேனேஜர் நிம்மதியாகத் தூங்குவார். (நகைக் கடன் கொடுத்த வங்கிகள் எவ்வளவோ தேவலை. அன்றைய சவரன் 15 ரூபாய், எடை போட்டால் மதிப்புத் தெரிந்துவிடும், ஏலம் போட்டால் பணம்.)

ரிஜிஸ்தர் செய்த அடமானமாகவே இருந்தாலும் வழக்கு, முதல் டிக்ரி, பணம் கட்ட ஆறு மாதத் தவணை, இறுதி டிக்ரி, அப்புறம்தான் கோர்ட்டு ஏலம். நடுவில் மைனர் மகன் பேரில் ஒரு வழக்கு வரும்: இது பிதிரார்ஜிதச் சொத்து, அப்பா ஊதாரித்தனத்துக்கு வாங்கிய கடன் என் பாகத்தைக் கட்டுப்படுத்தாது என்று. அதையும் தாண்டி ஏலத்துக்கு வந்தால் அந்தக் கிராமத்தில் மிராசுதாருக்கு எதிராகக் கேட்க ஆள் வராது. முதல் முத்திரைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நான்கு வருஷம் போனது இப்படித்தான் இருக்கும்.

இப்போது பாட்டியின் எம்டன். பாட்டி சொன்னதில் பாதி உண்மை: ஓட்டை முன்பே இருந்தது, எம்டன் பயம் அதை வெளியே கொண்டுவந்திருக்கும். அந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஜனங்கள் சென்னையை விட்டு ஓடினார்கள், தமிழுக்கு ‘எம்டன்’ என்று ஒரு சொல் கிடைத்தது. அது புரட்டாசி முதல் வாரம் என்பதைக் கவனியுங்கள். 1934இல் மேட்டூர் அணை வருவதற்கு முந்தைய டெல்டாவில் பெருவெள்ளாமை சம்பாதான். ஆடி, ஆவணியில் விதைக்கும் உழவுக்கும் நடவுக்கும் போன பணம் தை, மாசியில் அறுவடையாகி, கிஸ்தி (நிலவரி) கட்டியது போக, பங்குனியில்தான் வங்கிக்குத் திரும்பும். புரட்டாசி, ஐப்பசியில் பெட்டி வருஷத்திலேயே மிக மெலிந்திருக்கும். தீபாவளிச் செலவுக்குப் பணம் எடுக்க வருகிறவர்களும் அப்போதுதான். முந்தைய வருஷமே லாகூரின் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் மூடியிருந்தன. போர் தொடங்கியதும் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பிலிருந்தே எடுக்க ஆரம்பித்தார்கள்.

உங்கள் ரசீதின் மை வரிகளைத் திரும்பப் பாருங்கள். 1912, 1913. அவை வருஷத் தவணை முடிந்ததும் டெபாசிட்டைப் புதுப்பித்ததற்கான குறிப்புகள். இத்தகைய வங்கிகளில் பெரும்பகுதி தவணை டெபாசிட், கெடுவுக்கு முன்னால் கேட்க முடியாது. எனவே சினிமாவில் வருகிற மாதிரி வாசலில் கூட்டம் நெருக்கியடிக்க வேண்டியதில்லை. கெடு முடிந்தவர் ‘இந்த வருஷம் வேண்டாம், கொடுத்துவிடுங்கள்’ என்றாலே போதும். மிராசுதாரின் காகிதத்தை வங்கி புதுப்பித்தது, வங்கியின் காகிதத்தை உங்கள் கொள்ளுத்தாத்தா புதுப்பித்தார். 1914 அக்டோபரில் மூன்றாவது வரி இல்லை.

கலைப்பில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. 50 ரூபாய்ப் பங்கில் 10 ரூபாய்தான் கட்டியிருந்தால் மீதி 40ஐ லிக்விடேட்டர் கேட்பார். ஒருவர் பங்குதாரராகவும் டெபாசிட்தாரராகவும் இருந்தால், ‘என் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடியாது. பங்குப் பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு, டெபாசிட்டுக்கு எல்லாரையும் போல இரண்டு அணா வாங்கிக்கொண்டு போக வேண்டும். வங்கியில் கடன் வாங்கியவருக்கோ சலுகை உண்டு: தன் டெபாசிட்டைத் தன் கடனில் கழிக்கலாம். அதனால்தான் வங்கி ஆட்டம் காணும்போது கடன் வாங்கியவர்கள் பயந்த கிழவிகளிடமும் விதவைகளிடமும் ரூபாய்க்கு நாலணா கொடுத்து ரசீதை எழுதி வாங்கி, முழுத்தொகைக்குத் தங்கள் கடனில் கழிக்கப் பார்ப்பது. கதவு சாத்திய பிறகு வாங்கியது செல்லாது. தேதியை முன்னால் போட்டு எழுதினால் லிக்விடேட்டர் என்ன செய்வார்? உங்கள் வீட்டு ரசீது பெட்டியிலேயே இருந்தது நல்லதாயிற்று.

ஆர்பத்நாட் வேறு சங்கதி. 1906 அக்டோபர் 22இல் சாத்திய அது லிமிடெட் கம்பெனி அல்ல, கூட்டு வியாபாரம். டெபாசிட் பணம் வெளிநாட்டுச் சூதாட்டங்களில் போயிற்று, சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்கே போனார். அந்த அடிக்குப் பிறகுதான் திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனை நம்பாதே, நம்மூர் ஆளை நம்பு என்ற மனநிலை டெல்டாவிலும் டெபாசிட்டுகளை உள்ளூர்ப் பக்கம் திருப்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். எல்லாம் மூழ்கிவிடவுமில்லை. 1904இல் தொடங்கிய கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன். அது முதல் கிளையைத் திறந்தது 1930இல்தான், உங்கள் மன்னார்குடியில்.

மதிப்பைப் பொறுத்தவரை, ஒன்றுமில்லை. டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்ததே 1962 ஜனவரி 1இல், அதுவும் முதலில் 1,500 ரூபாய்க்கு. பின்தேதியிட்டு 1914க்குப் போகாது. ‘பழைய டெபாசிட்டை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கியின் கதை வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1914, 1915க்கான புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் கலைப்பு அறிவிப்புகளைத் தேடுங்கள். ரசீதை லாமினேட் செய்ய வேண்டாம், சூட்டில் பழைய காகிதம் பாழாகும். இருபுறமும் தெரிகிற மாதிரி உறையில் போட்டு வையுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம்.