ஞாயித்துக்கிழமைக்குள்ள லேசர் பண்ணலன்னா கால் போயிடுமா?

வாசகி ஒருத்தங்க எழுதியிருக்காங்க: "வணக்கம் சார். எனக்கு 42 வயசு. தி.நகர்ல ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன், 15 வருஷமா நின்னே வேலை. இடது கால்ல முட்டிக்குக் கீழ நரம்பு சுருட்டிக்கிட்டு புடைச்சு நிக்குது, கணுக்கால்கிட்ட கறுத்துப்போச்சு, ராத்திரியில அரிப்பு தாங்கல. வலது தொடையில செவப்பும் நீலமுமா சிலந்தி வலை மாதிரி கோடு கோடா இருக்கு, வலி இல்ல. எங்க ஏரியாவுல இலவச கேம்ப்ல பாத்துட்டு ரெண்டு காலுக்கும் உடனே லேசர் பண்ணணும்ங்கறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பணம் கட்டுனா 1,40,000 ரூபா பேக்கேஜ் 95,000-க்கு வருமாம், விட்டா ரத்தம் கட்டி ஹார்ட்டுக்குப் போயிடுமாம். லேசரா, ஆபரேஷனா, ஊசியா, இல்ல எண்ணெய் தடவுனாலே போதுமா? எங்கம்மாவுக்கும் கால் இப்படித்தான் இருக்கு, 68 வயசு, சுகர் இருக்கு. எனக்கு வாங்கற ஸ்டாக்கிங்ஸையே அவங்களும் போட்டுக்கலாமா?"

மொதல்ல பணம் கட்டாதீங்கம்மா. கட்டியாச்சுன்னா திருப்பிக் கேளுங்க. ஆடித் தள்ளுபடி எப்படிப் போடறாங்கன்னு தி.நகர்ல வேலை பாக்கற உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன, ஏத்தி எழுதின விலைய ஒரு கோடு கிழிச்சு அடிச்சுட்டு பக்கத்துல இன்னொண்ணு எழுதறது, அதேதான் இதுவும். நரம்பு சுருட்டலுக்கு (டாக்டருங்க வெரிகோஸ் வெயின்னு சொல்றது) ஞாயித்துக்கிழமைன்னு கெடு வச்சுப் பண்ற வைத்தியம் கிடையாது. அப்புறம் அந்த ஹார்ட் கதை. தோலுக்கு அடியில புடைச்சுத் தெரியற குழாயால ஹார்ட் அட்டாக் வராது. பயப்பட வேண்டிய ரத்தக்கட்டு உள்ள ஆழத்துல ஓடற குழாய்ல வர்றது, அது நகந்தா நுரையீரலப் போய் அடைக்கும், அதுக்கு அறிகுறியே வேற: திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்கால் கல்லாட்டம் ஆகி வலிக்கும், மூச்சு வாங்கும். அப்படி வந்தா கேம்ப்ப தேடிப் போகக்கூடாது, அன்னிக்கே எமர்ஜென்சிக்கு ஓடணும். நீங்க எழுதினதுல அந்த மாதிரி எதுவும் இல்ல.

நாம நரம்பு நரம்புன்னு சொல்றோமே, இது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். இந்த ஒரு வார்த்தையால நியூரோ டாக்டர்கிட்ட போய் ஆறு மாசம் சத்து மாத்திரை சாப்பிட்டுட்டு என்கிட்ட வந்தவங்க நெறைய பேர். கால்ல இருந்து ரத்தத்த மேல ஏத்தறது கெண்டைக்கால் சதை, நடக்கறப்ப அது பிழிஞ்சு விடும், ஏறின ரத்தம் கீழ எறங்காம குழாய்க்குள்ள வால்வு தடுக்கும். சும்மா நிக்கறப்ப கணுக்கால்கிட்ட அந்தக் குழாயோட அழுத்தம் (பிபி அளக்கற அதே கணக்குல) 90 கிட்ட இருக்கும், நல்ல காலா இருந்தா நாலு எட்டு நடந்ததும் 30-க்குக் கீழ வந்துடும். வால்வு கெட்டுப்போனா நடந்தாலும் எறங்காது. அந்த அழுத்தத்துல ரத்தம் கசிஞ்சு அதுல இருக்கற இரும்புச்சத்து தோல்ல படியறதுதான் உங்க கணுக்கால் கறுப்பு. அத எக்ஸிமான்னு சொல்லி வருஷக்கணக்கா க்ரீம் எழுதிக் குடுக்கறவங்களும் இருக்காங்க, அரிப்பு கொஞ்சம் அடங்கும், காரணம் உள்ளயே இருக்கும், விட்டா கடைசியில ஆறாத புண்ணுல வந்து நிக்கும்.

அதனால உங்க ரெண்டு காலும் ரெண்டு வேற கேஸ். இடது கால் தோல் கறுத்திருக்கு, அதுக்கு வைத்தியம் வேணும், நிச்சயமா வேணும், ஆனா அது ரெண்டு மூணு மாசத்துக்குள்ள நிதானமா முடிக்கற வேலை. வலது தொடையில இருக்கறது அனேகமா அழகு சமாச்சாரம் மட்டும்தான். ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட இருக்காது அந்தக் கோடு. ரெண்டையும் ஒரே பில்லுல கட்டுறதுதான் பேக்கேஜ்ங்கறது.

சரி, இடது காலுக்கு லேசரா ஆபரேஷனான்னு கேக்கறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய கேள்வி டாப்ளர் ஸ்கேன் (குழாய்ல ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டறது) எடுத்தாங்களா, எடுத்தப்ப நிக்க வச்சாங்களா படுக்க வச்சாங்களா. இந்த ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் கத்துவேன், பொறுத்துக்கோங்க. நிக்க வச்சு, கெண்டைக்கால அமுக்கி விட்டுட்டு ரத்தம் எவ்வளவு நேரம் கீழ்நோக்கி ஓடுதுன்னு பாக்கணும், அர செகண்டுக்கு மேல ஓடுனா மேல இருக்கற குழாய்ல வால்வு லீக்குன்னு அர்த்தம். ஆழத்துல இருக்கற குழாய் அடைப்பில்லாம இருக்கான்னும் அதே ஸ்கேன்லயே பாத்துடணும், அது அடைச்சிருந்தா மேல இருக்கறத மூடவே கூடாதுங்கற நெலமை கூட வரும். ஒரு காலுக்கே கால் மணி நேரமாவது ஆகும் இதெல்லாம். கேம்ப்ல என்ன நடக்குது, பெட்ல படுக்க வச்சு மூணு நிமிஷம் தேச்சுட்டு ரெண்டு கால்லயும் லீக்குன்னு அடிச்சு குடுத்துடறாங்க, அம்பது பேர் ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி இருக்கும், பேர் மட்டும்தான் மாறும். ஒரு தடவ அந்த மாதிரி ரிப்போர்ட்டோட வந்தவர நான் நிக்க வச்சுப் பாத்தா ரெண்டு கால்லயும் லீக்கே இல்ல, மனுஷனுக்கு முட்டித் தேய்மானம். ஸ்கேனுக்கு அனுப்புறவங்களுக்கு கட், கேம்புக்கு ஆள் கூட்டிட்டு வர்றவங்களுக்கு தலைக்கு இவ்வளவு, ஃபோன்ல 'மேடம் ஸ்லாட் முடியுது'ன்னு பேசற பொண்ணுக்கு டார்கெட், இந்த சங்கிலியில கால தொட்டுப் பாக்கற ஆள் கடைசியாத்தான் வர்றார். யாரு பண்ணப்போறாங்களோ அவங்களே ஸ்கேன்ல கூட நின்னு பாக்கணும்னு கேளுங்க, முறைச்சா வேற எடம் பாருங்க.

ஸ்கேன்ல தொடையோட உள்பக்கமா ஓடற பெரிய குழாய் லீக்குன்னு வந்தா (ரிப்போர்ட்ல ஜிஎஸ்வின்னு இருக்கும்) அத உள்ளுக்குள்ளயே சூடு குடுத்து மூடறதுதான் இன்னிக்கு மொத சாய்ஸ். லேசர்ல மூடலாம், ரேடியோ ஃப்ரீக்வன்ஸின்னு 120 டிகிரி சூட்டுல மூடலாம், ரெண்டுக்கும் ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எந்த ஆஸ்பத்திரி எந்த மெஷின வாங்கிப் போட்டிருக்கோ அதுதான் ஒசத்தின்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். முட்டிக்கிட்ட ஒரு ஊசி துவாரம், குழாயச் சுத்தி மரப்பு மருந்து, ஒரு மணி நேரம், அன்னிக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். சில பேருக்கு கொஞ்ச நாள் மரமரப்பு இருக்கும், அபூர்வமா ரத்தக்கட்டு வரும், அதனாலதான் முடிச்சதும் படுக்க விடாம நடக்கச் சொல்றது. சூடு முடியாதுன்னா மருந்த நுரையாக்கி குழாய்க்குள்ள போடற நுரை ஊசி, அதுவும் முடியாதுன்னா பழைய ஆபரேஷன், தொடை இடுக்குல கட்டி குழாய உருவி எடுக்கறது. இங்கிலாந்துல 2013-லயே அரசாங்க வழிகாட்டுதல்ல இந்த வரிசையத்தான் போட்டுட்டாங்க. க்ளூ போட்டு ஒட்டறதும் இருக்கு, அதுல குழாய் நெடுக மரப்பு ஊசி வேணாம், முடிச்சப்புறம் ஸ்டாக்கிங்ஸும் வேணாம், ஆனா விலை ஏறும், சில பேருக்கு குழாய் போற வழியெல்லாம் செவந்து அரிக்கும். எது பண்ணுனாலும் நாலஞ்சு வருஷம் கழிச்சு வேற குழாய் புடைக்கலாம். 'கேரண்டி, திரும்ப வரவே வராது'ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

வலது தொடைக்கு உள்ள விடற லேசர் தேவையே இல்ல, அது நொழையற அளவுக்கு அங்க குழாயே கிடையாது. லேசர்ங்கற ஒரே பேர வச்சுக்கிட்டு ரெண்டையும் குழப்புறாங்க. பாக்க நல்லால்லன்னு தோணுனா மெல்லிசு ஊசியில பாலிடோக்கனால்ங்கற மருந்து போட்டு காய வைக்கலாம், மூணு நாலு தடவ போகணும், மறைய ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், நம்ம நிறத்துக்கு பழுப்பா கறை விழுந்து மாசக்கணக்கா நிக்கறதும் உண்டு. இன்ஷூரன்ஸ் இதுக்கு தராது. தோணலன்னா விட்டுடுங்க, ஒண்ணும் ஆகாது.

அம்மா விஷயத்துக்கு வரேன், உங்க கடிதத்துல எனக்கு பகீர்னு இருந்தது அதுதான். உங்களுக்கு கிளாஸ் 2 (எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும்ங்கற அளவு) ஸ்டாக்கிங்ஸ் நல்லது, காலையில படுக்கைய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே மாட்டி ராத்திரி கழட்டிடணும், கணுக்கால், கெண்டைக்கால் சுத்தளவு அளந்துதான் வாங்கணும், மீடியம் லார்ஜ்னு குத்துமதிப்பா எடுத்துக் குடுக்கற மெடிக்கல்ல வாங்காதீங்க. ஆனா அம்மாவுக்கு வேணாம், டெஸ்ட் பண்ணாம போடவே வேணாம். சுகர் பல வருஷம் இருந்தா காலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய் சுருங்கியிருக்கலாம், வர்ற ரத்தமே கம்மி, அதுக்கு மேல இறுக்கிப் பிடிச்சா பாதத்துக்கு சுத்தமா போகாது, உணர்ச்சியும் மங்கிப்போயிருக்கறதால வலிக்கவும் வலிக்காது. ஒரு பையன் ஆசையா அப்பாவுக்கு ஸ்டாக்கிங்ஸ் வாங்கிக் குடுத்தார், கழட்டவே இல்ல அவர், பத்து நாள் கழிச்சுப் பாத்தா சுண்டுவிரல் கறுப்பு. பாதத்துல நாடி தொட்டுப் பாக்கணும், கணுக்கால்ல பிபி பாத்து கை பிபியால வகுக்கணும், 0.8-க்குக் கீழ வந்தா டாக்டர் சொல்லாம எதையும் சுத்தக்கூடாது, 0.5-க்குக் கீழன்னா பேச்சே இல்ல. இதுலயும் ஒரு வில்லங்கம், சுகர்காரங்களுக்கு குழாய் சுவர் சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாகி அமுங்காது, அதனால கணக்கு நார்மல்னு பொய் சொல்லும், அப்ப கட்டைவிரல்ல பிரஷர் பாக்கணும். நர்ஸ் ஒரு நம்பர் எழுதிக் குடுத்துட்டா போதும்னு வந்துடாதீங்க, சுகர் எத்தன வருஷமா இருக்குன்னு சொல்லி விரல்லயும் பாத்தீங்களான்னு கேளுங்க. இவ்வளவு நீட்டி சொல்றேனேன்னு நெனைக்காதீங்க, இந்த ஒண்ணுலதான் நெஜமாவே கால் போகும்.

பணத்துக்கு என்ன பண்றது. உங்க சம்பள சிலிப்ப எடுத்து 0.75 சதவீதம்னு ஒரு பிடித்தம் இருக்கான்னு பாருங்க, அது இஎஸ்ஐ, தொழிலாளர்களுக்கான அரசாங்க காப்பீடு. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு உண்டு, உங்களுக்கு மட்டும் இல்ல அம்மா உங்கள நம்பி இருந்தா அவங்களுக்கும். தி.நகர்ல இருந்து கே.கே.நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மாசாமாசம் கட்டிட்டு அங்க எட்டிப் பாக்காம கேம்ப்ல 95,000 கட்ட நிக்கறாங்க நம்மாளுங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, டிஸ்பென்சரி சீட்டு, ரெஃபரல், சீல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் லீவு போட்டா கடையில சம்பளத்த பிடிக்கறான். இஎஸ்ஐ இல்லன்னா சென்னை சென்ட்ரல் எதிர்ல இருக்கற ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய்க்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருமான்னு அங்கயே கவுன்டர்ல கேளுங்க. அதுக்கு வருமான வரம்ப 72,000-ல இருந்து 1,20,000 ஆக்கினாங்க, மாசக் கணக்குக்கு பத்தாயிரம், சென்னையில வாடகைக்கே போதாத காசு, யார் போட்ட கணக்கோ. சொந்தமா பாலிசி எடுத்திருந்தீங்கன்னா வெரிகோஸுக்கு பெரும்பாலும் ரெண்டு வருஷம் வெயிட்டிங் இருக்கும், படிச்சுப் பாருங்க. 'நாங்க எழுதிக்கறோம் மேடம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க'ன்னு ஏஜென்ட் சொன்னா போடாதீங்க, இல்லாத புண்ண இருக்குன்னு எழுதி க்ளெய்ம் ரிஜெக்ட் ஆனா ஆஸ்பத்திரி பணத்த உங்ககிட்டதான் வாங்கும்.

எண்ணெய் தடவறதால வால்வு ரிப்பேர் ஆகாது. அழுத்தித் தேய்க்கறது அதவிட மோசம். டயோஸ்மின் மாத்திரை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், குழாய சுருக்காது. கடையில உக்காருங்க, தமிழ்நாட்டுல 2021-ல சட்டமே திருத்திட்டாங்க, வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட் போடணும்னு. சீட் போட்டிருப்பாங்க, உக்காந்தா சூப்பர்வைசர் பாக்கற பார்வைக்குத்தான் சட்டம் இல்ல. உக்கார முடியாதப்ப கவுன்டருக்குப் பின்னாடி நின்னபடியே குதிகால தூக்கித் தூக்கி எறக்குங்க, மணிக்கு ஒரு இருபது தடவ, யாருக்கும் தெரியாது.

அரிக்குதேன்னு நகத்தால சொறியாதீங்க, கறுத்த எடத்துல தோல் மெல்லிசா இருக்கும், கிழிஞ்சா ரத்தம் பீச்சி அடிக்கும். அப்படி ஆச்சுன்னா பதறி நிக்காம கீழ படுத்துடுங்க, கால நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சு சுத்தமான துணியால அந்த எடத்தயே பத்து நிமிஷம் எடுக்காம அமுக்குங்க, நின்னுடும், நிக்கலன்னா அமுக்கினபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மேல கயிறு மட்டும் கட்டிடாதீங்க, ரத்தம் இன்னும் அதிகமாத்தான் வரும்.