வீட்டில் செய்த காற்றாலைக்கு எந்த ரெக்டிஃபயர் போடுவது?

நிலைக்காந்த ஜெனரேட்டர், வெளியே 3 வயர், 12 வோல்ட் பேட்டரி என்று கேட்டிருக்கிறீர்கள். 3 வயர் என்றால் 3 பேஸ், அதனால் 6 டையோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ள 3 பேஸ் பிரிட்ஜ் மாட்யூல் வாங்குங்கள், ஏசியை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர் அதுதான்.

முதலில் கரண்ட். பலத்த காற்றில் 30 ஆம்பியர் வரும் என்றால் 30 ஆம்பியர் மாட்யூல் போதாது, குறைந்தது இரண்டு மடங்காவது வேண்டும். ஏனென்றால் கரண்ட் எப்போதும் இரண்டு டையோடு வழியாகப் போகிறது, இரண்டிலும் சேர்த்து சுமார் 2 வோல்ட் விழும், 30 ஆம்பியரில் அது 60 வாட் வெப்பம்! பெரிய அலுமினிய ஹீட் சிங்க், நடுவில் தெர்மல் பேஸ்ட், நல்ல காற்றோட்டம் எல்லாம் கட்டாயம். உறையில் அச்சடித்த ஆம்பியர், அடிப்பகுதி குளிர்ச்சியாக இருந்தால்தான் செல்லும்.

அப்புறம் வோல்டேஜ். பேட்டரி 12 வோல்ட்தானே என்று 50 வோல்ட் டையோடு வாங்காதீர்கள். பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் லோடு இல்லாமல் இறக்கை தறிகெட்டுச் சுற்றும், வோல்டேஜ் பல மடங்கு ஏறும். 600 அல்லது 1000 வோல்ட் மாட்யூல் போட்டால் அந்தக் கவலை இல்லை.

ஷாட்கி என்ற வகை டையோடில் இழப்பு குறைவுதான், ஆனால் பெரும்பாலானவை அதிக வோல்டேஜைத் தாங்காது. இழப்புதான் உறுத்துகிறது என்றால் சிஸ்டத்தையே 24 அல்லது 48 வோல்ட்டுக்கு மாற்றுவதுதான் என் யோசனை. அதே 2 வோல்ட் அங்கே பெரிதாகத் தெரியாது, வயரிலும் இழப்பு குறையும்.