சிவபுராணத்துக்கு அப்புறம்?

கேள்வி: பல வருடங்களாகத் தினமும் திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் படிக்கிறேன், மனப்பாடமே ஆகிவிட்டது. மாணிக்கவாசகரின் திருவாசகம் முழுவதையும் படிக்க ஆசை, ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினாலே திணறுகிறது. உரை நூலோடுதான் தொடங்க வேண்டுமா?

பதில்: திணறுவதற்குக் காரணம் நீங்கள் இல்லை, நூலின் வரிசை. சிவபுராணம் 95 வரிதான், அதை அடுத்து கீர்த்தித் திருவகவல் 146, திருவண்டப்பகுதி 182, போற்றித் திருவகவல் 225 என்று அகவல் என்னும் நீண்ட பாடல்கள் வந்து நிற்கின்றன. பலர் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். முழு நூலையும் சேர்ந்து ஓதும் முற்றோதலில் 51 பதிகங்களும் வரிசையாகத்தான் போகும், சரி. வீட்டில் தனியாகப் படிக்கும்போது அந்தக் கட்டாயம் எதற்கு?

நேராகத் திருச்சாழலுக்குப் போங்கள். இரண்டு பெண்கள் வாதாடும் 20 பாடல்கள்; பூசுவது சாம்பல், பூண்பது பாம்பு, இவரா உங்கள் ஈசன் என்று ஒருத்தி சீண்ட, இன்னொருத்தி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வாள். திருவம்மானை, திருப்பொன்னூசல் எல்லாம் இதே போல வாய்விட்டுப் பாட வேண்டியவை.

அப்புறம் நீத்தல் விண்ணப்பம். என்னைக் கேட்டால் திருவாசகத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் மாணிக்கவாசகர், உத்தரகோசமங்கைக் கோயில் ஈசனிடம் என்னைக் கைவிட்டுவிடுவாயா என்று அந்தாதியாக, அதாவது ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாக, 50 பாடல்களிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கெஞ்சுகிறார், தன்னையே திட்டிக்கொள்கிறார், கடைசிப் பக்கம் வரும்போது மிரட்டவே ஆரம்பித்துவிடுகிறார்: நீ என்னை விட்டால், யாருடைய அடியான் என்று கேட்பவர்களிடம் உன் அடியாருக்கு அடியான் என்று சொல்லி உன்னைப் பார்த்துச் சிரிக்க வைப்பேன்! கடவுளிடம் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உரை வேண்டும், ஆனால் முதலில் வேண்டாம். பதம் பிரித்த, அதாவது சேர்ந்த சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து அச்சிட்ட, பதிப்பு ஒன்று வாங்கி, பாடலைச் சத்தமாக இரண்டு மூன்று தடவை படியுங்கள், புரிந்தவரை புரியட்டும், பிறகு உரையைப் பாருங்கள். திருவண்டப்பகுதிக்கு மட்டும் இது சரிவராது. வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசு போல அண்டங்கள் சிறுத்துத் தெரிகின்றன என்று தொடங்கும் அந்த அகவலை உரையோடு, ஒரு நாளைக்குப் பத்து வரி வீதம், கடைசியாகப் படியுங்கள்.