பர்ஸ் கிடைத்துவிட்டது, பேச்சுதான் நின்றுவிட்டது

கேள்வி: கன்னியாகுமரியில் 40 அறை உள்ள ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக வந்து ஐந்து மாதம் ஆகிறது. ரிசப்ஷன், கணக்கு எல்லாம் உள்ளூர்க்காரர்கள், பாறசாலைப் பக்கத்து மலையாளிப் பையன் ஒருவனைத் தவிர. ரூம் பாய்கள் அசாம், ஒடிசா. சமையலறையில் வங்காளிகள், ஒரு நேபாளி. போன மாதம் தங்கியிருந்த ஒருவரின் பர்ஸைக் காணவில்லை என்றதும், ரிசப்ஷன் சீனியர் ரூம் பாய்களின் பைகளைக் கொட்டிப் பார்த்தார். பர்ஸ் கடைசியில் வந்தவரின் காரிலேயே இருந்தது. அன்றிலிருந்து இரண்டு தரப்புக்கும் பேச்சில்லை, சாப்பாடும் தனித்தனி. சபரிமலை சீசன் வருகிறது. எனக்கு இந்தி அரைகுறை. இவர்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது? சீனியரை அனுப்பிவிட்டால் சரியாகுமா?

பதில்: பர்ஸ் கிடைத்ததை எல்லோரிடமும் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், ரூம் பாய்கள் இன்றைக்கும் சந்தேகத்தில்தான் நிற்கிறார்கள். முழு ஸ்டாஃபையும் கூட்டி, பை கொட்டப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி, நிர்வாகம் சார்பில் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அரைகுறை இந்தி போதும். தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தட்டிக் கொடுப்பது பயன்படாது. அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது.

அடுத்து, மொழி தெரியாததுதான் பிரச்சினை என்ற எண்ணத்தை விடுங்கள். லாவ், மர்னிகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரை உங்கள் லாட்ஜுக்கு அப்படியே பொருந்தும். ஒரு குழுவில் வேற்றுமைகள் எத்தனை என்பதைவிட, அவை எல்லாம் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்பதுதான் முக்கியம் என்றார்கள். உங்களிடம் ஊர், மொழி, வேலை, சம்பளம், படுக்கிற இடம் எல்லாம் ஒரே கோட்டில்தான் பிரிகின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழும் மேஜையும் வீடும்; அந்தப் பக்கம் வெளி மாநிலமும் துடைப்பமும் மாடி ஷெட்டும். ஒரு பர்ஸ் போதும், பிளந்துவிடும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம், தமிழும் மலையாளமும் கலந்து பேசிப் பழகியவர்கள் என்று நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பழக்கம் ரிசப்ஷன் மேஜையைத் தாண்டி மாடிக்கு ஏறுவதில்லை.

எனவே வேலையைக் கொண்டே கோட்டைக் குறுக்கே வெட்டுங்கள். விவேகானந்தர் பாறைக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் உங்களிடம் நிறையத் தங்குவார்கள். செக்-இன் நெரிசலில் வங்காள மொழி தெரிந்த ஒருவனை ரிசப்ஷனில் நிறுத்துங்கள், படியும் கொடுங்கள். ஹோட்டலைப் பற்றிப் புகார் சொல்ல வந்த பெரியவர் சொந்த மொழியைக் கேட்டதும் தணிவதை உங்கள் உள்ளூர் ஸ்டாஃப் கண்ணால் பார்க்கட்டும். நாம் ஆயிரம் அறிவுரை சொன்னாலும் அந்த மரியாதை வராது. அதேபோல் ரிசப்ஷனில் இருப்பவர் வாரம் ஒரு நாள் ரூம் பாயோடு சேர்ந்து அறைகளைச் சரிபார்க்கட்டும்.

பொருள் காணாமல் போவது இனியும் நடக்கும், லாட்ஜ் என்றால் அப்படித்தான். அதற்குச் சாவிப் பதிவேடு வையுங்கள். எந்த அறைச் சாவியை யார், எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதிக் கையெழுத்து. மாஸ்டர் சாவி வைத்திருக்கும் நீங்களும் சீனியரும்கூட அதில் எழுத வேண்டும். அறையில் கிடைக்கிற பொருளுக்குத் தனி நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. புகார் வந்தால் முதலில் திறப்பது நோட்டு, யாருடைய பையும் அல்ல.

இனி பணம். டிப்ஸ் ரிசப்ஷனோடு நின்றுவிடுகிறது என்று ரூம் பாய்கள் நினைக்கிறார்களா என விசாரியுங்கள்; பெரும்பாலும் நினைப்பார்கள். பூட்டிய பெட்டி, வாரக் கடைசியில் எல்லோர் முன்னாலும் திறந்து பங்கு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஆள் பிடித்துத் தந்த ஏஜென்ட் வழியாக இல்லாமல் அவரவர் கணக்கிலேயே போடுங்கள். இன்னொன்று, யாருடைய ஒரிஜினல் ஆதாராவது உங்கள் லாக்கரில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நகல் போதும். வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட கதை நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அதைச் சொல்லிக் கொதிக்கிற நாமே இங்கே அதைச் செய்கிறோம்.

லீவுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, ஒரு வழிக்கே மூன்று நாளுக்கு மேல். அசாம்காரனுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தால் அது ரயிலிலேயே தீர்ந்துவிடும். முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கிறது. நீங்கள் கடைசி வாரத்தில் 'சரி, போ' என்றால் டிக்கெட் இருக்காது. அவன் சொல்லாமல் கிளம்புவான், நீங்கள் அவனை நம்ப முடியாதவன் என்பீர்கள். துர்கா பூஜையும் நேபாளிகளின் தசாயும் நமது சரஸ்வதி பூஜை விடுமுறைக் கூட்டத்தோடு வருகின்றன, அதனால் எல்லோரையும் அப்போது விட முடியாது. பாதிப் பேர் பூஜைக்கு, மீதி ஏப்ரலில் வரும் அசாம் புத்தாண்டான பிஹுவுக்கு, அடுத்த வருஷம் மாற்றி என்று ஆடி மாதத்துக்குள் முடிவு செய்து ஒட்டிவிடுங்கள். அதே தாளில் ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் லீவும் இருக்கட்டும். இந்த சீசனுக்கும் இப்படி ஒரு தாள் இந்த வாரமே வேண்டும்.

இந்தி நன்றாகப் பேசுகிற ஒருவனை மட்டும் நம்பி எல்லாச் செய்தியையும் அவன் வழியாக அனுப்பாதீர்கள். கொஞ்ச நாளில் அவன்தான் மேனேஜர் ஆவான். ஒடிசாக்காரனுக்கும் அசாம்காரனுக்கும் இந்தியும் இரவல்தான். ஆளாளுக்கு மாதம் ஒருமுறை பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். சாப்பாட்டைக் கட்டாயப்படுத்தி ஒன்றாக்க வேண்டாம். தேங்காய் அரைத்த மீன்குழம்பு ஒருவருக்கு, கடுகெண்ணெய் மணம் இன்னொருவருக்கு. வேலையில் பேச்சு வந்தால் மேஜை தானாக நெருங்கும், நெருங்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

சீனியரை இப்போது அனுப்பாதீர்கள். பை கொட்டுவது முந்தைய நிர்வாகத்தின் வழக்கமா என்று முதலில் கேளுங்கள். வழக்கமாக இருந்ததற்கு அவரை மட்டும் பலி கொடுத்தால், உள்ளூர்க்காரர்கள் உங்கள் மீது வைத்திருக்கும் நம்பிக்கை போய்விடும். அவர்களும் உங்கள் ஆட்கள்தான். இனி யார் பையையும் தொடக் கூடாது என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், அவரிடமும். அதற்குப் பிறகும் தொட்டால் கணக்கை முடித்து அனுப்புங்கள். அப்போது உள்ளூர்க்காரர்களே ஏன் என்று கேட்க மாட்டார்கள்.