வண்டி எந்த வாசலில் நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

விடுமுறை நெருங்குகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஏர்போர்ட்டில் இறங்கி நேரே கடற்கரை ரிசார்ட்டுக்குப் போவது பற்றித்தான். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, நமக்கு எல்லாமே திருவனந்தபுரம்தான். எல்லை தாண்டிப் போய் வண்டி பிடிக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி (கருங்கல் வாசகி): தம்பி குடும்பம் துபாயிலிருந்து வருகிறது. அம்மா அப்பாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு எல்லோரும் கோவளத்தில் மூன்று நாள் தங்குகிறோம். தம்பி, அவன் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், நாலு பேரும் ஏர்போர்ட்டிலிருந்து நேரே ரிசார்ட்டுக்கு வந்துவிடுவார்கள். ஹோட்டலே வண்டி அனுப்புகிறோம் என்கிறார்கள், வெளியே விசாரித்தால் ரேட் குறைவு. இறங்கிய பிறகு ப்ரீபெய்டு டாக்ஸி எடுத்துக்கொள்ளலாமே என்கிறான் தம்பி. எது நல்லது?

பதில்: பகல் நேரம், ஆளுக்கு ஒரு பை என்றால் தம்பி சொல்வது போதும். கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கினால் ரேட் பேச்சே இல்லை, அந்த ரசீதை மட்டும் இறங்கும் இடம் வந்த பிறகு டிரைவரிடம் கொடுத்தால் சரி. ஆனால் வளைகுடா விமானங்கள் பல நடு இரவிலோ விடியற்காலையிலோதான் இறங்குகின்றன. தூங்கி வழிகிற இரண்டு பிள்ளைகளையும் கயிறு போட்டுக் கட்டின பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம், முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஹோட்டல் வண்டியா வெளி வண்டியா என்பதைவிட, பதிவு செய்யும்போது என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் தேதி. துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். பன்னிரண்டாம் தேதி ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஏறுகிறவன் பதிமூன்றாம் தேதி விடியற்காலை மூன்றரை மணி வாக்கில்தான் இங்கே இறங்குவான். டிக்கெட்டில் பெரிதாகத் தெரிகிற பன்னிரண்டைப் பார்த்து, 'பன்னிரண்டாம் தேதி விடியற்காலை' என்று வண்டி சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. டிரைவர் ஒரு நாள் முன்னதாக வந்து நின்றுவிட்டுப் போயிருப்பார், காசும் போயிருக்கும். அதனால் ஏறும் தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள். இறங்கும் தேதி, இறங்கும் நேரம், கிழமை, விமான எண் நாலையும் சொல்லுங்கள். விமான எண் கையில் இருந்தால் தாமதம் ஆனாலும் டிரைவரே போனில் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது டெர்மினல், இது என் வீட்டிலேயே நடந்தது. திருவனந்தபுரத்தில் இரண்டு டெர்மினல். ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், இன்னொன்று 2011-இல் திறந்த சாக்கைப் பக்கத்துக் கட்டிடம். நடுவில் ஓடுபாதை கிடக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, வெளியே வந்து ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் சாக்கைப் பக்கம். என் அக்கா குடும்பம் வந்தபோது நாங்கள் சொல்லி வைத்த டிராவல்ஸ்காரர் டிரைவரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் சங்குமுகத்தில் நிற்கிறார், அக்கா சாக்கையில் நிற்கிறாள், அவளுடைய துபாய் சிம் இங்கே எடுக்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுபத்தி இரண்டு வயது மாமியார் டிராலியில் இருந்த பெட்டி மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் யாரையோ அழைக்க வந்த ஒரு பையனிடம் போன் வாங்கித்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். இதை எழுதும்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. ஆகவே 'டெர்மினல் 2, சாக்கை' என்று எழுத்திலேயே அனுப்புங்கள். டிரைவர் பெயர், நம்பர், வண்டி நம்பர் மூன்றையும் முந்தின நாள் மாலையே வாங்கித் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள், அவன் விமானம் ஏறும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் என்ன பெயர் எழுதுவார்கள் என்றும் கேளுங்கள். பதிவு செய்தது நீங்கள் என்றால் உங்கள் பெயரைத்தான் எழுதிப் பிடிப்பார்கள், தம்பி தன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பான்.

வண்டியின் அளவு. 'நாலு பேருக்கு டிசையர் தாராளம்' என்பார்கள். ஆட்களுக்குத் தாராளம்தான், பல வண்டிகளில் டிக்கியைத் திறந்து பார்த்தால் பாதியை சி.என்.ஜி. சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். எர்டிகாவிலும் கடைசி வரிசை சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பெட்டி வைப்பதே பாடு. ஆளுக்கு முப்பது கிலோ என்று கொண்டு வருகிற குடும்பத்துக்குப் பெட்டி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி கேட்க வேண்டும். கேரியர் வைத்த இன்னோவா என்றால் கவலை இல்லை.

ரேட்டில் ஹோட்டல்காரர் கூட்டிச் சொல்வதும் வெளியாள் குறைத்துச் சொல்வதும் பல நேரம் ஒரே தொகையில்தான் போய் முடியும். வெளியாள் சொன்னதில் டோல் இருக்கிறதா (பைபாஸில் திருவல்லத்தில் டோல் உண்டு), ஏர்போர்ட் பார்க்கிங், டிரைவர் பேட்டா, நைட் சார்ஜ், விமானம் தாமதமானால் வெயிட்டிங் சார்ஜ், இத்தனையும் கேளுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு, வேறொன்றும் இல்லை' என்று ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் கேட்டால் கொஞ்சம் கொடுக்கலாம், முழுத் தொகையையும் முன்பே கட்டாதீர்கள்.

அப்புறம், கோவளத்தில் எந்தக் கடற்கரை? லைட்ஹவுஸ் பீச்சில் கடலைப் பார்த்த வரிசையில் இருக்கிற ஹோட்டல்களுக்கு முன்னால் நடைபாதைதான், கார் போகாது. பின்பக்கம் எங்கேயாவது நிறுத்திவிட்டுச் சந்து வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். உங்கள் அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: 'வாசல் வரைக்கும் கார் வருமா, பெட்டி எடுக்க ஆள் உண்டா?' பெரிய ரிசார்ட் என்றால் பெரும்பாலும் வாசலிலேயே இறங்கலாம். ரூமும் பல இடங்களில் மதியம் இரண்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நிற்கிற குடும்பத்துக்கு முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் போடுவது செலவுதான், ஆனால் பிள்ளைகள் ரிசப்ஷன் சோபாவில் தூங்க வேண்டியிருக்காது.

கேள்வி (களியக்காவிளை வாசகர்): சென்னையிலிருந்து மகனும் மருமகளும் மாலை ஏழரைக்கு இறங்குகிறார்கள். பூவாரில் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ரிசார்ட். 'படகு உண்டு சார்' என்று போனில் சொன்னார்கள். வண்டி மட்டும் நான் பிடித்தால் போதுமா?

பதில்: வண்டியைவிடப் படகுதான் உங்களுக்கு முக்கியம் ஐயா. பூவாரில் நெய்யாறு கடலில் சேருகிற இடத்துக் காயலைத் தாண்டி இருக்கும் ரிசார்ட்டுகளுக்கு ரோடு கிடையாது, ஜெட்டியில் இறங்கிப் படகில்தான் போக வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து பூவார் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். ஏழரைக்கு விமானம் இறங்கினால் பெட்டி வாங்கி வெளியே வர எட்டு, ஜெட்டிக்குப் போய்ச் சேர ஒன்பது தாண்டும். அந்த நேரத்துக்குப் படகு ஓடுமா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, ரிசார்ட்டின் சொந்த ஜெட்டியா பொது ஜெட்டியா, படகுக் காசு ரூம் வாடகையில் சேர்ந்ததா, இந்த நாலையும் ரிசார்ட்டில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 'உண்டு சார்' என்பது பகலில் உண்டு என்பதாகக்கூட இருக்கலாம்.

ஜெட்டியின் லொகேஷனைத் தனியாக வாங்கி டிரைவருக்கு அனுப்புங்கள். ரிசார்ட் பெயரை மேப்பில் போட்டால் சில நேரம் அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தென்னந்தோப்பு முடுக்கில் கொண்டு நிறுத்திவிடும். இரவில் அந்த ஒற்றைத் தடத்தில் வண்டி திருப்புவது சிரமம். உள்நாட்டு விமானம் என்பதால் சங்குமுகம் டெர்மினலாக இருக்கலாம், ஆனால் எல்லா உள்நாட்டு விமானமும் அங்கே என்று நினைத்துவிடாதீர்கள், மகனின் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்களும் அன்றைக்குப் பூவாருக்குப் போகிறீர்கள் என்றால் ஏர்போர்ட் வரை போய் அழைத்துவர வேண்டியதில்லை. களியக்காவிளையிலிருந்து பூவார் பக்கம்தானே, நீங்கள் நேரே ஜெட்டிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (குழித்துறை வாசகர்): நம்ம ஊர் வண்டியையே ஏர்போர்ட்டுக்கு அனுப்பலாமா? பக்கத்து வீட்டுப் பையன் தன் காரில் டீசல் காசுக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்கிறான்.

பதில்: டாக்ஸி என்றால் அனுப்பலாம். மஞ்சள் நம்பர் பலகை, கேரளத்துக்குள் ஓடப் பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்க வேண்டும். அந்தக் காசு யார் கணக்கு என்பதையும் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். எல்லையில் நிறுத்திக் கேட்கும்போது பேசினால் அது வாடகையில் ஏறும்.

பையன் கார் வெள்ளைப் பலகை. சொந்தக்காரரை அழைத்துவரக் காசு வாங்காமல் போவது வேறு, வாடகைக்கு ஓட்டுவது வேறு. வழியில் ஏதாவது இடித்துக்கொண்டால் வாடகைக்கு ஓட்டியது என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடலாம். உள்ளே இருக்கிறவர்கள் உங்கள் வீட்டு ஆட்கள். வேண்டாம்.

கேள்வி (தக்கலை வாசகி): கோவளத்தில் நாலு நாள் தங்கிவிட்டு ஐப்பசியில் ஒரு மாலை விமானத்தில் மகள் பெங்களூர் திரும்ப வேண்டியிருந்தது. விமான நேரத்தை மாற்றிவிட்டார்கள். 'ஆறாட்டு' என்றார்கள். இப்படியும் உண்டா?

பதில்: உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகும் வழி ஓடுபாதையின் குறுக்கே போகிறது. விமான நிலையம் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிற வழி அது. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆறாட்டு நாளில் மாலை நாலு நாலரை வாக்கிலிருந்து இரவு ஒன்பது மணி வரை விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சுவாமி கடலில் நீராடித் திரும்பிய பிறகுதான் ஓடுபாதை திறக்கும். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை, ஒரு விமான நிலையம் சுவாமிக்காகக் காத்திருப்பது எவ்வளவு அழகு! ஆனால் தேதி தெரிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பார்கள், விமான நிறுவனமும் மெசேஜ் அனுப்பும். அந்த மெசேஜ் வந்தவுடன் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், பலர் மறந்துவிடுவது அதைத்தான். அன்று கோட்டைப் பக்கத்திலிருந்து சங்குமுகம் வரை ரோட்டில் கூட்டமும் இருக்கும், பைபாஸ் வழியாகக் கிளம்பச் சொல்லுங்கள்.

கோவளத்திலிருந்து ஏர்போர்ட் பதினைந்து கிலோமீட்டர்தான் என்று கடைசி நேரம் வரை கடலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத் துணியைப் பையில் அடைத்துக்கொண்டு ஓட வேண்டாம், உள்நாட்டு விமானம் என்றால் அது கிளம்ப இரண்டரை மணி நேரம் முன்னால் ரூமைக் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கல்யாணம் முடிந்து மாலத்தீவு போகிறோம். ரூம் போட்டாகிவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து போவதற்கு ரூம் விலையில் பாதியைக் கேட்கிறார்கள். நாங்களே டாக்ஸி பிடிக்கக் கூடாதா?

பதில்: ரிசார்ட் வரைக்கும் டாக்ஸி போக அங்கே தரையே இல்லை தம்பி! வேலானா விமான நிலையமே ஒரு தீவில் இருக்கிறது, ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒரு தனித் தீவு. பக்கத்துத் தீவுக்கு ஸ்பீட் போட், தூரத் தீவுக்குக் கடல் விமானம், இல்லையென்றால் உள்நாட்டு விமானமும் படகும். ஏற்பாடு பெரும்பாலும் ரிசார்ட்டேதான் செய்யும். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆகவே சொன்ன தொகை ஒருவருக்கா இருவருக்கா, போக மட்டுமா போய்வரவா, வரி சேர்த்தா என்று கேளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், கடல் விமானம் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் அன்று ராத்திரி தலைநகர் மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ தங்கிவிட்டு மறுநாள் காலைதான் போக முடியும், ரிசார்ட்டில் கட்டின முதல் ராத்திரி வீண். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குப் பறக்கிற நேரம்தான் மாலேக்கும், மதியத்துக்குள் இறங்குகிற மாதிரி டிக்கெட் இருக்கிறதா பாருங்கள். கடல் விமானத்தில் பெட்டி எடை 20 கிலோ அளவில்தான் விடுவார்கள், அதற்கு மேல் காசு. கல்யாணப் பட்டுப்புடவையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இன்னும் ரூமை மாற்ற முடியும் என்றால் மாஃபுஷி மாதிரி உள்ளூர் ஆட்கள் வாழும் தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பாருங்கள். அங்கே தலைக்கு இவ்வளவு என்று ஸ்பீட் போட் ஓடுகிறது, தனி ரிசார்ட்டுக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு, கடலும் அதே நீலம்தான். ரூம் போட்டதை ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.