வீட்டில் ஒருத்தி, வேலையில் ஒருத்தி

வணக்கம். அலுவலகத்தில் என்னை எதையும் இழுத்துப்போட்டுச் செய்பவள் என்பார்கள். வீட்டிலோ நான் இன்னமும் ‘ஒண்ணுக்கும் லாயக்கில்லாத கடைக்குட்டி’. விடுமுறைக்குப் போய் இரண்டு நாள் இருந்தால் நிஜமாகவே அப்படி ஆகிவிடுகிறேன். ஒரு பல்பு மாற்றக்கூட அண்ணனைக் கூப்பிடுகிறேன். அப்படியென்றால் அலுவலகத்தில் நான் போடுவது வேஷமா? இதில் நான் யார்? (என் பெயர் வேண்டாம்.)
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேஷம் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? ஒருவரை எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்களோ, அவருக்கு அத்தனை ‘நான்’கள் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். இடத்துக்கு இடம் ஆள் மாறுவதில் பொய் ஒன்றும் இல்லை. உங்களை வருத்துவது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பல்பையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கூப்பிடுகிறீர்கள். அண்ணன் வந்து “தள்ளு” என்கிறார், நாற்காலியில் ஏறுகிறார், நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அவருக்கு உங்களைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கும்தான். பழைய எண்ணம் இன்னொரு வருஷத்துக்கு ஓடும். அவர் உங்களை மட்டம் தட்டுகிறார் என்று சொல்ல மாட்டேன். மாற்றிக்கொள்ள அவர் கையில் எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் நமக்குக் கண்ணாடி என்று எல்லோரும் சொல்கிறோம். 1902-இல் அந்த உவமையைப் பயன்படுத்திய சமூகவியலாளர் சார்லஸ் கூலி சொன்னது இன்னும் நுட்பமானது: எதிரில் இருப்பவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அதைப் பார்த்து அவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்றும் கற்பனை செய்கிறோம், அப்புறம் அதற்காகப் பெருமையோ கூச்சமோ படுகிறோம். இந்த மூன்றுமே நடப்பது நம் தலைக்குள். உளவியலாளர்கள் டேவிட் கென்னியும் பெல்லா டிபாலோவும் 1993-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறர் நம்மை எப்படி நினைக்கிறார்கள் என்ற நம் ஊகம் பெரும்பாலும் நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்திலிருந்துதான் வருகிறதாம். பொதுவாக நமக்கு என்ன பெயர் என்பது ஓரளவு தெரிகிறது. குறிப்பிட்ட ஒருவர் மட்டும் என்ன நினைக்கிறார் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

அதற்காக மற்றவர்கள் பார்வையைத் தூக்கிப்போடவும் வேண்டாம். உளவியலாளர் சிமின் வஸீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளுக்குள் ஓடும் பதற்றத்தை நாமே நன்றாகக் கணிக்கிறோம், ஆனால் அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றில் நண்பர்கள் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள் என்று தெரிந்தது. உங்கள் திறமையைப் பற்றி, தினமும் உங்கள் வேலையைப் பார்க்கிறவர்கள் சொல்வதை நம்புங்கள். அவர்களுக்கு உங்களை ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ‘ஒண்ணுக்கும் லாயக்கில்லாத’ என்ற வார்த்தையை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்களா, அல்லது அப்படி நினைப்பார்கள் என்று நீங்களே எடுத்துக்கொண்டதா? கடிதத்தில் அது இல்லை. நீங்களே எடுத்துக்கொண்டது என்றால், அண்ணனிடம் ஒருநாள் நேராகவே கேட்டுவிடுங்கள், என்னைப் பற்றி என்னதான் நினைக்கிறாய் என்று. நிஜமாகவே யாரோ சொன்னது என்றால் அதற்குப் பெயர் அபிப்பிராயம் இல்லை, வசவு. அதை வைத்து நீங்கள் யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. வலிக்கிறது, இனி அப்படிச் சொல்லாதே என்று சொன்னவரிடமே சொல்ல வேண்டும்.