குழந்தைச் சாமான்: எதை வாங்க, எதை விட? (கேள்வி பதில்)

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் பதினொரு வருடமாகக் குழந்தைச் சாமான் கடை நடத்துகிறேன். என் மூன்று பிள்ளைகளும் அந்தக் கடைத் தரையில் தவழ்ந்தவைதான். சாமானைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்து, மாத்திரை மட்டும் என்னிடம் வேண்டாம்.

குழித்துறை: அக்கா, இது ஏழாம் மாதம். முதல் பிள்ளை. இப்போதே என்னவெல்லாம் வாங்கி வைக்க?

கொஞ்சமாக வாங்குங்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சட்டைதான் கொண்டுவருவார்கள், அதுவும் ஒரே அளவில். நீங்கள் வாங்க வேண்டியவை நாலே நாலு: துவைத்துப் பழகிய பருத்தித் துணி (வீட்டுப் பழைய வேட்டியைக் கிழித்தாலே போதும்), நனையாத விரிப்பு, குடை மாதிரி மடக்கும் கொசுவலை, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். சுற்றிலும் ரப்பர் தோட்டத்தை வைத்துக்கொண்டு ரப்பர் விரிப்பை ஆன்லைனில் ஆர்டர் பண்ணுகிற ஊர் நம்முடையது, போகட்டும்.

கடுகுத் தலையணை யாராவது தந்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள். பச்சைப் பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம். மெத்தென்று அமுங்காத சமப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். குளிப்பாட்ட, என் பாட்டிக்குக் கமுகம்பாளை (பாக்குமரப் பாளை) இருந்தது. அதைவிட நல்ல தொட்டியை நான் இன்னும் விற்கவில்லை. பாளை கிடைக்காவிட்டால் அடி வழுக்காத பிளாஸ்டிக் தொட்டி. எதுவானாலும் பிள்ளையை அதில் விட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போகாதீர்கள்.

கருங்கல்: எந்த டயப்பர் நல்லது?

உங்கள் பிள்ளையின் தொடையில் தடம் விழாத, தோல் சிவக்காத எதுவும். நமக்கு இரண்டு மழைக்காலம். ஆனியிலும் ஐப்பசியிலும் துணி காயாது. அதனால் பகலில் துணி, இரவில் டயப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாறசாலை: சேச்சி, தலைப்பக்கம் உயர்ந்த சாய்வுப் படுக்கை வாங்கலாமா? வீட்டில் சேலைத் தொட்டிலும் உண்டு.

சாய்வுப் படுக்கை வேண்டாம். அதில் தூங்கும் பிள்ளையின் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சுப் பாதை அடைபடும். அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே அதைத் தடுத்துவிட்டார்கள். சேலைத் தொட்டிலில் ஆட்டித் தூங்க வையுங்கள், நானும் செய்தேன். ஆனால் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவுத் தூக்கம் சமப் படுக்கையில். பிள்ளை புரளவோ உட்காரவோ தொடங்கினால் தொட்டிலைக் கழற்றிவிடுங்கள். மூத்த பிள்ளை அதில் முறுக்கி விளையாடினால் சேலை கழுத்தில் சுற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செறுவாரக்கோணம்: எட்டு மாதம் ஆகிறது. மாமியார் வாக்கர் வாங்கச் சொல்கிறார். உங்கள் கடையில் அது இல்லையாமே?

இல்லை, இனியும் வராது. மூத்தவனுக்கு உறவுக்காரர் ஒருவர் வாக்கர் கொண்டுவந்தார். நான் அடுப்பைத் தணிக்கத் திரும்பிய நேரத்தில், உம்மறத்துப் (முன்வாசல்) படியில் வண்டியோடு கவிழ்ந்தான். நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

வாக்கரில் இருக்கும் பிள்ளை ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். நாம் எட்டிப் பிடிப்பதற்குள் படி, அடுப்பு, சூடான சாயா, ஏதாவது ஒன்று வந்திருக்கும். நடையும் அதனால் சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். உட்காருமிடம் உடம்பைத் தாங்கிக்கொள்கிறது, பிள்ளை நுனிக்காலால் உந்துகிறது, தன் காலையே பார்ப்பதில்லை. கனடாவில் 2004 முதல் விற்கவே கூடாது. மாமியாரிடம் பாய் விரித்துத் தரச் சொல்லுங்கள்.

அருமனை: என் நாலு மக்களும் வாக்கரில்தான் நடந்தார்கள். எல்லாரும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள், மகளே.

சந்தோஷம், பெரியவரே. உத்தியோகத்தை வாக்கர் வாங்கித் தரவில்லை, நடையையும் அப்படித்தான்.

பளுகல்: அப்போ மரத்து நடைவண்டி மட்டும் நல்லதா? அதற்கும் சக்கரம் உண்டே! கடை வாசலில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே.

உண்டு, ஆனால் அதில் பிள்ளை உட்காருவதில்லை. தானே எழுந்து நின்று பிடித்துத் தள்ள வேண்டும், உடம்பின் எடை காலில்தான் இறங்கும். முடியாதபோது பொத்தென்று உட்கார்ந்துவிடும். ஒரு குறை இருக்கிறது. பழைய மண்தரைக்குச் செய்த வண்டி, இன்றைய டைல்ஸில் விட்டால் முன்னால் ஓடிவிடும், பிள்ளை முகம் குப்புற விழும். நான் முன்பலகையில் ஒரு முழுத் தேங்காயைக் கட்டி வைத்தேன். அப்புறம் அடங்கியது. படி இருக்கும் இடத்தில் இதுவும் கூடாது.

அருமனை: நடைவண்டி விற்பதால் அதைச் சொல்கிறாய்.

வாக்கரில் வரும் லாபத்தில் பாதிகூட நடைவண்டியில் வராது. கணக்கு நோட்டைக் காட்டவா?

நெய்யாற்றின்கரை: பெரியவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அடுத்த கேள்வி.

கொல்லங்கோடு: எந்த டயப்பர் நல்லது, அக்கா?

கருங்கல்காரருக்குச் சொன்னேனே.

நாகர்கோவில்: வேலை திருவனந்தபுரத்தில். வாரா வாரம் காரில் வருகிறோம், பிள்ளைக்குப் பத்து மாதம். கார் சீட் கட்டாயமா? கேரளாவில் அபராதம் உண்டா?

நல்ல கேள்வி, இன்றைக்கு இதை யாரும் கேட்கமாட்டார்களோ என்று நினைத்தேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்க வேண்டும், இல்லையென்றால் 1,000 ரூபாய். கேரளத்தில் 2024 அக்டோபரில் அதிகாரிகள் கார் சீட்டைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னார்கள், உடனே அமைச்சர் அபராதம் போடமாட்டோம் என்றார். அபராதத்தை விடுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையாலும் பிடிக்க முடியாது.

பின் சீட்டில், பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். அந்த வயதில் தலை கனம், கழுத்து பலமில்லை. அப்படி வைத்தால்தான் மோதலின் வேகம் முதுகு முழுக்கப் பரவும். இருக்கையின் எடை, உயர வரம்பு தாண்டும்வரை திருப்ப வேண்டாம். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அப்படி ஒருபோதும் வைக்காதீர்கள். ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா, உங்கள் காரில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழையது கிடைத்தால், அந்தக் கார் எதிலும் இடிக்கவில்லை என்று தெரிந்தால் மட்டும்.

பனச்சமூடு: ஸ்ட்ரோலர்?

நம்ம ரோட்டிலா? தூக்கிக்கொண்டு நடங்கள்.

மார்த்தாண்டம்: பால் புட்டி எந்த கம்பெனி வாங்க?

அதை நான் புகழக் கூடாது. 1992-ம் வருடச் சட்டம் பால் புட்டி விளம்பரத்தைத் தடுக்கிறது. தாய்ப்பாலைக் கறந்து கொடுக்க வேண்டுமானால் எவர்சில்வர் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) வாங்குங்கள், புட்டியைவிடக் கழுவ லேசு.

கருங்கல்: லைட் எரியும் பொம்மை வாங்கலாமா?

பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருந்தால் மட்டும். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். 2021 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள்.

பளுகல்: ஒன்றரை மாதப் பிள்ளைக்கு 38.2 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது.

இதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? மூன்று மாதத்துக்குள் 38 தொட்டாலே ஆஸ்பத்திரி. இப்போதே கிளம்புங்கள்.

பாறசாலை: சேச்சி, டயப்பர்...

வேண்டாம்.

அருமனை: மகளே, அந்தத் தேங்காய்க்குப் பதில் மணல் மூட்டை வைக்கலாமா?

வைக்கலாம். என் கைக்குத் தேங்காய்தான் கிடைத்தது.